இடது ஓரத்துத் தண்ணீர்

சற்று முன்புவரை அந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. ரெஜினாள் அதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்லியிருப்பாள். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் இருந்த கண்ணாடித் தட்டில் வரிசையாக வெட்டியிருந்த வாய்க்கால்களில் மூன்றாவதை மெல்லத் தன் நெஞ்சுப் பக்கம் இழுத்தபடி எண்ணிக்கொண்டு வந்தவள், வெளியே யாரோ இரும்புக் கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் தலையைக் கொஞ்சம் அசைத்துவிட்டாள், அவ்வளவுதான். வாய்க்காலின் இடது ஓரத்தில் ஒரு சாளை மீன் குஞ்சு கிடந்தது. தலைமுடியில் ஒரு துண்டு நறுக்கிப் போட்ட மாதிரி உடம்பு, அதன் முனையில் இரண்டு கறுப்புப் புள்ளி, கண்கள். தலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எப்போதும் போல வாய்க்காலின் நடுவில் பார்வையை நிறுத்தினாள். குஞ்சைக் காணவில்லை. மங்கலாகத் தெரிந்திருந்தால் லென்ஸைத் துடைத்திருப்பாள், கறுப்பாக மறைத்திருந்தால் தூசி என்று நினைத்திருப்பாள். அப்படி ஒன்றும் இல்லை. அது கிடந்த இடத்தில் சுத்தமான, லேசாக மஞ்சளோடிய ஃபார்மலின் தண்ணீர், பக்கத்துத் தண்ணீரோடு தையல் தெரியாமல் சேர்ந்து நின்றது. கண்ணை மட்டும் இடப்பக்கம் ஓட்டினாள். குஞ்சு வந்தது. நடுவுக்குக் கொண்டுவந்தாள். போனது. வந்தது. போனது. ஐந்தாவது முறை அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு மணிக்கு இன்னும் இருபது நிமிடம். பதினொன்றரைக்குக் கீழே கூட்டம்.

இருபத்தாறு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. தூத்துக்குடிக் கடலில் பன்னிரண்டு இடங்களைக் குறித்து வைத்திருந்தார்கள். ஆபீஸில் அவற்றுக்கு ஸ்டேஷன் என்று பெயர். மாதத்துக்கு இரண்டு தடவை படகு போய் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மெல்லிய வலையைப் பத்து நிமிடம் இழுத்து, சிக்கியதைப் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவரும். கூடவே அந்த இடத்துத் தண்ணீரின் சூடு, உப்பு, நீரோட்டம் போகிற திசை எல்லாம் ஒரு தாளில் வரும். பாட்டிலுக்குள் இருப்பது பார்க்கிறவர்களுக்குப் பழஞ்சோற்று நீத்தண்ணி மாதிரிதான் இருக்கும். அதைத் தட்டில் ஊற்றி, இறால் பொடி, நண்டுப் பொடி, அம்புப்புழு எல்லாவற்றுக்கும் நடுவிலிருந்து மீன் லார்வாக்களை மட்டும் கண்டுபிடித்து, இது சாளை, இது நெத்திலி, இது காரல் என்று பிரித்து எண்ண வேண்டும். முட்டையை விட்டு வெளியே வந்து ஐந்தாறு நாளே ஆன குஞ்சுகள். முதுகுத் துடுப்பு முடிந்த பிறகு அடித்துடுப்பு தொடங்கினால் சாளை, முடிவதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டால் நெத்திலி. துடுப்பே முளைக்காத பருவத்தில் அதுவும் கிடையாது, குடலின் நீளத்தையும் உடம்பில் மை தெளித்த மாதிரி இருக்கும் புள்ளிகளையும் வைத்துச் சொல்ல வேண்டும். ரெஜினாள் சொல்வாள். கொச்சியிலிருந்து வந்த ஒரு பெரிய ஆராய்ச்சியாளர் ஒருமுறை அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அரை நாள் பார்த்துவிட்டு, இந்த அம்மாவின் கண்ணை எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள். கலியாணம் காட்சி என்று ஒன்றும் அமையாமல் போன அவளுக்கு, ஒருவர் கேட்டு வாங்க ஆசைப்படுகிற மாதிரி தன்னிடம் ஒன்று இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லாருக்கும் குருட்டுப் புள்ளி என்று ஒன்று உண்டே, பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதானே, காகிதத்தில் ஒரு சிலுவையும் ஒரு வட்டமும் வரைந்து ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் வட்டம் மறைந்துபோகும், சயின்ஸ் டீச்சர் செய்து காட்டினார், பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தினார்கள், அதுதான் இது, வேறொன்றுமில்லை. ஆனால் அது ஒரு கண்ணைப் பொத்தினால்தான். இரண்டும் திறந்திருக்கும்போது ஒரு கண்ணின் ஓட்டையை மற்றக் கண் அடைத்துவிடும். அவளுக்கு இரண்டும் திறந்துதான் இருந்தன. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் இருந்த கடல் வரைபடத்தைப் பார்த்தாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். வரைபடம் முழுதாகத்தான் இருந்தது. முழுதாகத்தான் இருக்கும், அதுதானே விஷயம், இல்லாத இடத்தில் இல்லை என்பதே தெரியாது என்று அக்கா சொன்னாளே. மதுரையிலிருந்து அக்கா பேசியது எப்போது, தவக்காலத்துக்கு முன்பா பின்பா. கண்ணுக்குள் பிரஷர் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், நரம்பு பாதிக்குமேல் போய்விட்டதாம், போனது போனதுதானாம், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்தாம். "வலி கெடையாது, எரிச்சல் கெடையாது, ஒண்ணுமே தெரியாதுட்டி. பக்கத்துல இருக்குறத மூளையே இட்டு நெரப்பிக்கிடுமாம். கூடப் பொறந்தவங்களுக்கும் வரும்னு சொல்லுதாவ, போய்ப் பாரு, நாளைக்கே போய்ப் பாரு." சரிக்கா, போறேன்க்கா. மறுநாள் ஏழாம் ஸ்டேஷன் பாட்டில்கள் வந்திருந்தன. அதற்கடுத்த வாரம் காது குத்து ஒன்று. அப்புறம் அக்கா கேட்டபோது, பாத்தாச்சு, ஒண்ணுமில்லன்னுட்டாவ என்று வாய் தானாகச் சொல்லியது. ஏன் சொன்னாள்? பயம் என்று அப்போது தோன்றவில்லை. அலுப்பு என்று தோன்றியது. மே மாதத்தில் மேசை இடது மூலையிலிருந்த டீ கிளாஸைத் தட்டிவிட்டாள்; கிளாஸை அங்கே வைத்த, கூட வேலை பார்க்கும் சபூராவைத் திட்டினாள். கீழூர் ரோட்டில் ஸ்கூட்டரில் போகும்போது இடது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள்காரன் முளைத்தான், வந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, முளைத்தான். ஹாரன் அடிக்காமல் வருதியே, கண்ணு தெரியலையா என்று அவனைக் கேட்டாள். அவனும் அதையேதான் திருப்பிக் கேட்டான். கோயிலில் நற்கருணை நன்மை வாங்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு பெண் சிரித்தாளாம், ரெஜினாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாளாம், அவளுக்கு என்ன கர்வமோ என்று பேச்சு வந்தது. இவ்வளவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியாகத்தான் கிடந்தன இத்தனை நாளும். இப்போது ஒரு சாளைக் குஞ்சு வந்து எல்லாவற்றையும் கோர்த்துவிட்டது.

எண்ணு, முதலில் இந்தத் தட்டை முடி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒன்பதாம் ஸ்டேஷன், நேற்று வந்த பாட்டில். எப்போதும் எண்ணுகிற மாதிரியே எண்ணு, கண்ணை ஓட்டாதே, ஓட்டினால் கணக்கு வேறாகிவிடும், எப்போதும் எண்ணுகிற மாதிரிதான் எண்ண வேண்டும். பதினேழு, பதினெட்டு. நான்காவது வாய்க்கால். பத்தொன்பது. மைக்ரோஸ்கோப்பில் தெரிவது அந்த வாய்க்காலின் அகலம் மட்டுமே. தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தால் தண்ணீர் மேலிருந்து கீழாக ஓடும், இடது ஓரம் இடது ஓரமாகவே ஓடும், கடைசி வரை. இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். இருபத்தொன்று. இடது ஓரத்தில் என்ன போகிறது? தண்ணீர் போகிறது. தண்ணீர் மட்டுமா? இருபத்திரண்டு. இருபத்து மூன்று. தட்டு முடிந்தது. தாளில் இருபத்து மூன்று என்று எழுதப் போன பேனா நின்றது. மூன்று வருஷம் முன்பு, இதே மாதம், இதே ஒன்பதாம் ஸ்டேஷன், ஒரு தட்டுக்கு அறுபத்தொன்று. போன வருஷம் முப்பது. இப்போது இருபத்து மூன்று. அந்த எண்கள் அவளுக்கு மனப்பாடம். இளையபெருமாள் சாருக்கும் மனப்பாடம்.

இளையபெருமாள் சார்தான் இந்த ஆராய்ச்சிக்குத் தலைவர், சிதம்பரத்துக்காரர், கோபப்பட்டே பார்க்காத மனிதர். அவர் சொல்வார்: பிறந்து பத்து நாளைக்கு அந்தக் குஞ்சுகளுக்கு நீந்தவே தெரியாது ரெஜினாம்மா, தண்ணி எங்கே கொண்டுபோகுதோ அங்கேதான் அதோட ஊர். ஆடி மாதம் மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடித்தால் மேல்தண்ணீரை அது வெளியே தள்ளிவிடும், அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறிவரும், அதோடு உரம் வரும், பாசி வளர்ந்து தண்ணீர் பச்சை பிடிக்கும், சாளை அங்கே முட்டை போடும். அவளுக்கு அந்தப் பாடம் வேண்டியிருக்கவில்லை. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாலே தெரிந்துவிடும். கச்சான் நன்றாக அடித்த மாதத்துப் பாட்டில் பாசிப்பயறு வேகவைத்த தண்ணீர் மாதிரி கலங்கி இருக்கும், லார்வாக்கள் அடியில் கம்பளி போலப் படியும். மழைக்காலத்தில் தாமிரபரணித் தண்ணீர் வந்து உப்பைக் குறைத்துவிட்டால் கரையோரம் மடவைக் குஞ்சு கூடும், மற்றது விலகும். காற்று படுத்து, வெயில் ஏறி, கடல் சூடானால் பாட்டில் தெளிந்து அழகாக இருக்கும். அழகாக இருந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. போன வருஷம் கச்சான் சரியாக அடிக்கவில்லை. கடல் சூடாக இருந்தது, தாளில் இருக்கிறது, அது பொய்யில்லை. வெளிக்கடலில் லார்வா குறைந்தது. குளிர்ச்சி தேடிப் போகிற அளவுக்கு அவற்றுக்குப் பலமில்லை, ஆனால் நீரோட்டம் திசை மாறிக் கரைப்பக்கம் தள்ளியிருக்கிறது. அதனால் வெளியே குறைந்து, பங்கு போட்டுப் பார்த்தால் கரையோரம் கூடிவிட்டது. இதுதான் சார் இன்றைக்கு மீனவர் கூட்டத்தில் சொல்லப்போவது. சூடும் காற்றும் நீரோட்டமும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து நின்றன. எண்கள் எவ்வளவு ஒழுங்காக வந்து அதில் பொருந்தின! பொருந்தாத ஒன்று வந்திருந்தால் யாராவது திரும்ப எண்ணிப் பார்த்திருப்பார்கள். ஒன்றுமே வரவில்லை.

அறையின் மறுகோடியில் சபூரா தன் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தாள். காயல்பட்டினத்துப் பெண், நாற்பதை நெருங்குகிறவள், மூன்று வருஷமாக இங்கே இருக்கிறாள். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, கையிலிருந்த கவுண்டரை டிக், டிக் என்று அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மேசையில் இருந்த பாட்டில்களின் மூடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நீல மையில் எழுதியிருந்தது. ரெஜினாள் அந்த மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றிலிருந்து ஆறு வரை, கரையோரத்துப் பாட்டில்கள், சபூராவுக்கு. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை, வெளிக்கடல் பாட்டில்கள், தனக்கு. சபூரா வேலைக்கு வந்த அன்றே அப்படிப் பிரித்துக்கொண்டார்கள். கரையோரத்தில் இனங்கள் குறைவு, புதியவளுக்குச் சுலபம் என்று பிரித்துக் கொடுத்ததே ரெஜினாள்தான். கரையோரத்தில் குறையவில்லை. வெளிக்கடலில் குறைந்தது. சபூராவிடம் குறையவில்லை. என்னிடம் குறைந்தது. நீரோட்டம் கரைப்பக்கம் திரும்பவே இல்லையோ? வெளிக்கடலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறதென்றால், அது ஆறாம் ஸ்டேஷனுக்கும் ஏழாம் ஸ்டேஷனுக்கும் நடுவில் இல்லாமல், இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் நடுவில் இருந்தால்?

கதவு திறந்தது. இளையபெருமாள் சார் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். கழுத்தில் புதுச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையாமல் இருந்தது.

"ரெஜினாம்மா, ஒன்பது முடிஞ்சுதா? அந்த ஒரு நம்பர்தான் பாக்கி. இருபது, இருபத்தஞ்சுக்குள்ளதானே வரும்?"

"பத்து நிமிஷம் சார்."

"ஊர்க்காரங்க எல்லாம் வர ஆரம்பிச்சுட்டாங்க. சீக்கிரம்."

கதவு சாத்திக்கொண்டது. இருபது, இருபத்தஞ்சுக்குள்ளதானே. ஆமாம் சார், இருபத்து மூன்று. சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கண்ணைக் காட்டலாம், சொட்டு மருந்து விடலாம், ஒருவருக்கும் தெரியவேண்டாம். இன்னும் ஆறு வருஷ சர்வீஸ். இது வெளியே தெரிந்தால் தபால் பிரிவில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள், கடிதங்களுக்கு நம்பர் போடுகிற வேலை, எல்லாரும் நல்லவர்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், ஐயோ பாவம் என்று மட்டும் பார்ப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். ரொசாரி, அவளைவிட எட்டு வயது சின்னவன், வள்ளத்தில் கரையோரம் வலை விடுகிறவன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "எக்கா, கரைப்பக்கம் மூணு மாசம் வலை போடக்கூடாதுன்னு ஒங்க ஆபீஸ்ல எழுதப் போறாவளாமே. வள்ளத்த வச்சுக்கிட்டு நாங்க எங்க போவ?" குஞ்சு பூரா இப்ப கரையிலதாம்ல நிக்குது, வெளியில ஒண்ணுமில்ல, இதையும் வாரிட்டா நாளைக்கு ஒனக்கே கெடையாது என்று அவள் சொன்னாள். அவன் மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தான். "யாரு எண்ணுனது?" "நான்தாம்ல." "நீ எண்ணுனா சரியாத்தான் இருக்கும்" என்றான். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் மீன் போடு என்றான். சண்டை பிடித்திருக்கலாம். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போயிருக்கலாம். நீ எண்ணுனா சரியாத்தான் இருக்கும்.

ஒருவேளை சரியாகவே இருக்கலாம். ஒரு குஞ்சு மறைந்தது என்பதற்காக எல்லாமே மறைந்தது என்று ஆகிவிடுமா, ஒரு தட்டுக்கு ஒன்றோ இரண்டோ விட்டுப்போயிருக்கும், யாருக்குத்தான் விடாது. அப்படியென்றால் கடல் நிஜமாகவே காலியாகிக்கொண்டு வருகிறது. அவள் பயந்த மாதிரி இல்லையென்றால் அதுதான் அர்த்தம். இதை நினைத்ததும் மனம் எங்கோ இடறி நின்றது. இருபத்து மூன்று சரியென்றால் என் கண் நன்றாக இருக்கிறது, கடல் செத்துக்கொண்டிருக்கிறது. இருபத்து மூன்று தப்பென்றால் கடலில் குஞ்சு இருக்கிறது, என் கண் செத்துக்கொண்டிருக்கிறது. எது வேண்டும் உனக்கு, சொல்லு. மாதாவே, எது வேண்டும் என்று கேட்டு ஜெபிப்பது? கடல் எத்தனையோ பேருக்கு, கண் ஒருத்திக்கு; அப்படித்தான் பதில் சொல்லவேண்டும், பூசையில் சாமியார் கேட்டால் அப்படித்தான் சொல்வாள். ஆனால் கண்ணை எடுத்துக்கொள் என்று உதடு முணுமுணுக்கத் தொடங்கியபோது வயிற்றுக்குள்ளிருந்து ஒன்று வேண்டாம், வேண்டாம் என்றது. சூடாகட்டும் கடல், எனக்கென்ன, நானா சூடாக்கினேன் என்றது. தனக்குள் அப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது ரெஜினாளுக்கு அருவருப்பாக இருந்தது. தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள், ஒரு சொட்டு சிந்தாமல். இடது பக்கம் மேசைக்கால் இருக்கும், நாற்காலி இருக்கலாம், பக்கெட் இருக்கலாம். தலையை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். பக்கெட் இருந்தது.

"சபூரா, இத ஒரு தடவ எண்ணித் தாயேன். லார்வா மட்டும் போதும், இனம் பிரிக்க வேண்டாம்."

"என்னக்கா, இப்பவா? சார் கேக்குறாரே." சபூரா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன், என்ன சந்தேகம்? நீங்க எண்ணிட்டீங்கதானே. எத்தனை வந்துச்சு?"

"அதச் சொல்லமாட்டேன். நீ எண்ணு."

சபூரா தன் பாட்டிலை நகர்த்திவிட்டு, தட்டை வாங்கி லென்ஸுக்கு அடியில் வைத்து, கவுண்டரைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினாள்.

ரெஜினாள் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். கீழே முற்றத்தில் பைக்குகளை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டிகள், கைலிகள், ஒன்றிரண்டு பெண்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் டிக் என்றது. அவள் காதால் எண்ணத் தொடங்கினாள். டிக். டிக். இரண்டு சேர்ந்து வந்தது, மூன்று, நான்கு. பிறகு நீண்ட மௌனம். ஏன் நிற்கிறாள்? அம்புப்புழுவைப் பார்த்து யோசிக்கிறாளா, அது லார்வா இல்லை, அதற்குக் கண் அப்படி இருக்காது, நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். டிக். ஒன்பது. பத்து. காற்றாடி கடகடத்தது, அந்தச் சத்தத்தில் ஒன்றை விட்டுவிடக்கூடாதே, கண்ணோடு சேர்ந்து காதும் ஏமாற்றிவிடக்கூடாதே. பதினான்கு. பதினைந்து. மெதுவாகத்தான் வருகிறது. மூன்றாவது வாய்க்காலுக்கு வந்திருப்பாள். பதினெட்டு. இருபதில் நின்றுவிடும் போலிருந்தது. நின்றுவிட்டால் நன்றாக இருக்குமே என்று நினைத்தாள், நினைத்ததற்காக நகத்தால் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டாள். இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்து மூன்று. மௌனம். சபூராவின் நாற்காலி கிரீச்சிட்டது. முடிந்ததா? கடல்தான், கண் இல்லை, கடல்தான், அப்பாடா, அப்பாடா என்று ஒரு வெதுவெதுப்பு காலிலிருந்து ஏறிவந்து முழங்காலைத் தொட்டபோது, டிக்.

இருபத்து நான்கு.

வெதுவெதுப்பு அப்படியே நின்று குளிர்ந்தது. இருபத்தைந்து. இருபத்தாறு, ஏழு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். துருப்பிடித்த கம்பி, உப்புக் காற்றில் செதில் செதிலாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. முப்பது. அப்போது அவளுக்கு என்ன நடந்தது என்று பிறகு நினைத்துப் பார்த்தபோதும் விளங்கவில்லை. இருபத்து மூன்றைத் தாண்டிய பிறகு மனம் அழவில்லை, ஓடத் தொடங்கியது. வா, வா என்றது. போனது போய்விட்டது, இனி அறுபத்தொன்றுக்குப் போ. முப்பத்திரண்டு. நிற்காதே. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு குஞ்சு, அவள் பார்க்காத குஞ்சு, அவளுக்காகக் காத்துக்கிடந்த குஞ்சு, உயிரோடு ஓடிக்கொண்டிருந்தபோது வெளிக்கடலில் இருந்தது, இருக்கிறது, கடல் அப்படியேதான் இருக்கிறது. முப்பத்து நான்கு. கண்ண எடுத்துக்கோ தாயே, முழுசா எடுத்துக்கோ, ஆனா அறுபதுக்குக் கொண்டுபோ. சற்று முன் வேண்டாம் என்று சொன்னவள் எங்கே போனாளோ தெரியவில்லை. முப்பத்தாறு. முப்பத்தேழு. முப்பத்தெட்டு. மௌனம். அவள் காத்திருந்தாள். காற்றாடி ஓடியது. கீழே யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். இன்னொரு டிக்குக்காகக் காது முதுகுப் பக்கமே நீண்டுபோய் நின்றது.

"முப்பத்தெட்டுக்கா" என்றாள் சபூரா.

"இன்னொரு தடவ பாத்தியா?"

"கடைசி வாய்க்கால ரெண்டு தடவ பாத்துட்டேன். முப்பத்தெட்டுதான்."

இருபத்து மூன்றும் இல்லை, அறுபத்தொன்றும் இல்லை. இது அவளுக்குத் தோன்றவே இல்லையே. ஒன்று கண், இல்லாவிட்டால் கடல் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் சேர்ந்தே போய்க்கொண்டிருக்கலாம் என்று, இரண்டும் ஒரே வருஷத்தில் ஒன்றுக்கொன்று தெரியாமல் மங்கிக்கொண்டு வரலாம் என்று, ஒரு மூலையில்கூட நினைக்கவில்லை. அறுபத்தொன்றிலிருந்து குறைந்ததில் பதினைந்து அவள் கண்ணுடையது. மிச்சம் இருபத்து மூன்று கடலுடையது. கொடுக்கத் தயாராக இருந்தாள், வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இருக்கவில்லை. அவள் சபூராவின் மேசையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நீங்க எத்தனை எண்ணினீங்க?" சபூரா மெல்லக் கேட்டாள். ரெஜினாள் சொன்னாள். சபூராவின் கை கவுண்டரை மேசையில் வைத்தது. எழுந்துவந்து அவள் தோளைத் தொட்டு, "சார்கிட்ட நானும் வரவா?" என்றாள்.

"வேண்டாம். நானே போறேன்."

சார் அறையில் கம்ப்யூட்டர் திரை முழுக்கக் கடல். கரையோரம் சிவப்பாகவும் வெளியே வெளிறிய நீலமாகவும் வண்ணம் பூசியிருந்தார்கள். அவள் நின்றபடியே சொன்னாள், ஒன்றையும் விடாமல். குஞ்சு மறைந்தது, அக்காவின் கண், அக்காவிடம் சொன்ன பொய், சபூராவின் முப்பத்தெட்டு. அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்பத்திலேர்ந்து?"

"தெரியல சார். ஒரு வருஷம் இருக்கலாம். கூடவும் இருக்கலாம்."

"அப்போ குஞ்சு இடம் மாறல."

"அத நான் எண்ணுனத வச்சுச் சொல்ல முடியாது சார். வெளியில கொறஞ்சிருக்கு, அது நெசம். கரைக்கு வந்திருச்சுன்னு சொன்னதுதான் தப்பா இருக்கும். பாட்டில் ஒண்ணுவிடாம அலமாரியில இருக்கு. வேற ஆள வச்சு எண்ணலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இன்னும் அரை மணி நேரத்துல கரையை அடைக்கணும்னு சொல்லியிருப்பேன்" என்றார். அவளிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு எழுந்தார். "அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போங்க. இல்ல, ஆஸ்பத்திரிக்குப் போங்க, வண்டி சொல்றேன்."

"போறேன் சார். அதுக்கு முந்தி நானே சொல்லுதேன். எண்ணுனது நான்தானே."

கீழே கூட்ட அறையில் முப்பது பேர் இருப்பார்கள். சார் முன்னால் நின்று, இன்றைக்கு எந்த முடிவும் சொல்லப்போவதில்லை என்றும், காரணத்தை ரெஜினாம்மா சொல்வார்கள் என்றும் சொன்னார். அவளுக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு சும்மாவே பேசினாள். வெளிக்கடல் பாட்டில்களை எண்ணியது தான் என்றாள். கண்ணில் ஒரு பக்கம் தெரியாமல் போயிருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது என்றாள். கணக்கு தப்பு, ஆனால் குஞ்சு குறைந்திருப்பது நிஜம், எவ்வளவு என்று திரும்ப எண்ணிச் சொல்வார்கள் என்றாள். அவ்வளவுதான், சொல்லவேண்டியது முடிந்துவிட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "அப்ப மீனு இருக்கா, இல்லையா?" "இத்தன நாளு எதப் பாத்து எழுதுனிய?" "வெளியில காத்து இல்லாம சூடா கெடந்தது நெசந்தானே, அத நாங்களும் பாத்தோம்லா." "மூணு மாசம் அடைக்கிறது இப்ப உண்டுமா, அதச் சொல்லுங்க." சார் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல முயன்றார். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ரெஜினாளுக்கு எதிரில் இருந்த முகங்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன, கோபமான முகம், சிரிக்கிற முகம், பக்கத்து ஆளிடம் கையை ஆட்டிப் பேசுகிற முகம், அறை முழுதாகத்தான் இருந்தது. அப்போது வெகு பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"எக்கா."

அவள் முன்வரிசையைப் பார்த்தாள். அங்கே இல்லை.

"எக்கா, நான் வந்து எம்புட்டு நேரமாச்சு, ஒம் பக்கத்துலதான் நிக்கேன். தெரியலையா ஒனக்கு?"

கழுத்தை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினாள். சுவரோரம், இரண்டடி தள்ளி, ரொசாரி நின்றுகொண்டிருந்தான். கரையைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. முகம் சின்னப் பையனுடைய முகம் மாதிரி கோணிக்கொண்டு வந்தது.

"இப்பத் தெரியுது" என்றாள் ரெஜினாள், அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு.